மேற்கு ஜன்னலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

சென்னையில் புது ஃப்ளாட்டின் சாவி கைக்கு வந்ததும் மாடுலர் கிச்சன்காரர், கொசுவலைக்காரர், ப்ளைண்ட்ஸ்காரர் மூவரும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள். முதல் இருவரிடம் பேரம் பேச நமக்குத் தெரியும். மூன்றாமவர் கனமான சாம்பிள் புத்தகத்தைப் பிரித்துத் துணியைத் தடவிப் பார்க்கச் சொல்வார். ஒவ்வொரு ஜன்னலாக டேப் பிடிப்பார். கடைசியில் அவர் சொல்லும் தொகையைக் கேட்டு வீடு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். இரண்டு படுக்கையறை வீட்டில் பால்கனிக் கதவையும் சேர்த்தால் ஏழெட்டுத் திறப்புகள் தேறும். எல்லாவற்றுக்கும் போட்டால் ஒரு நல்ல ஏசி வாங்குகிற காசு. "உங்க ஜன்னலுக்குன்னே செய்யறது சார்" என்பது அதற்கு அவர் சொல்லும் நியாயம்.

உண்மையில் ஜன்னல் அளவுக்குச் செய்வது நம் ஊரில் பெரிய ஆடம்பரம் இல்லை. ரோலர் ப்ளைண்டுக்கான துணி பெரிய சுருளாகப் பட்டறைக்கு வருகிறது. அதை மேசைமேல் விரித்து ஜன்னல் அகலத்துக்கு வெட்டுகிறார்கள். அலுமினியக் குழாயையும் அதற்கேற்ப அறுத்து, துணியின் மேல் விளிம்பை டபுள் சைட் டேப்பால் அதில் ஒட்டுகிறார்கள். ஒரு முனையில் சங்கிலி ஓடும் கிளட்ச், மறுமுனையில் சுழலும் முளை, அடியில் கனத்துக்கு ஒரு பட்டை. முடிந்தது. அளவுக்கு வெட்டும் கூலி இதில் சொற்பம். விலையை ஏற்றுவது துணியின் தரம், கிளட்ச், பிராண்ட், மோட்டார். ஆகவே அளவெடுத்துச் செய்யலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. எந்த ஜன்னலுக்கு என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 5 அடிக்கு 4 அடி ஜன்னல் என்றால் 20 சதுரஅடி. சதுரஅடி 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,000 ரூபாய். அதே கடையில், 2 அடிக்கு 2 அடி சமையலறை ஜன்னலுக்கு 4 சதுரஅடி, 600 ரூபாய்தானே என்று நாம் நினைப்போம். ஆனால் பெரும்பாலான கடைகளில் ஒரு ப்ளைண்டுக்குக் குறைந்தபட்ச பில்லிங் அளவு என்று ஒன்று உண்டு. அது 10 சதுரஅடி என்றால் அந்தச் சின்ன ஜன்னலுக்கு 1,500 ரூபாய் போய்விடும். அங்கே கண்ணாடிமேல் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். கொட்டேஷன் வாங்கும்போது குறைந்தபட்ச அளவு எவ்வளவு, ஜிஎஸ்டியும் பொருத்துக்கூலியும் உள்ளடக்கமா தனியா என்ற கேள்விகளை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ப்ளைண்ட்ஸ் வாங்க நம் மக்கள் சொல்லும் முதல் காரணம் வெயில். விற்பவரும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார். இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்து திரையில் படுகிறது. திரை சூடாகிறது. அந்தச் சூடு அறைக்குள்தான் இருக்கிறது. வந்த வழியே கண்ணாடி அதைத் திரும்ப விடுவதில்லை. வெள்ளைத் துணி என்றால் ஒரு பங்கு ஒளியைத் திருப்பி வெளியே அனுப்பும். காபிக்கொட்டை நிறத் துணி அழகாக இருக்கும், மதியம் மூன்று மணிக்குத் தொட்டுப் பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். வெயிலுக்காகத்தான் போடுகிறீர்கள் என்றால் கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாகவோ வெள்ளிப்பூச்சாகவோ இருக்கும் துணியைக் கேளுங்கள். அறைப்பக்க நிறம் உங்கள் இஷ்டம்.

சூட்டைத் தடுக்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளியே. தாழ்வாரமும், அதில் தொங்கிய வெட்டிவேர் தட்டியும், புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களின் மரச்சட்டக் கதவுகளும் இதைத்தான் செய்தன. சாலையோரத்தில் விற்கும் மூங்கில் தட்டியைப் பால்கனியின் வெளி விளிம்பில் கட்டினால், அதே விலையில் உள்ளே போடும் எந்த ப்ளைண்டைவிடவும் அறை குளிர்ச்சியாக இருக்கும். காற்றும் தடைபடாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும்; அந்த விலைக்கு மாற்றலாம். குடியிருப்போர் சங்கம் முகப்பு அழகு கெடுகிறது என்று நோட்டீஸ் அனுப்பினால்தான் சிக்கல். சங்கங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது எனக்குப் புரிந்ததில்லை. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரித் தட்டி என்று ஒரு தீர்மானம் போட்டால் முடிகிற விஷயம்.

திசையையும் பார்க்க வேண்டும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் உச்சிக்கு வரும் சூரியன், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நமக்குச் சற்று வடக்கே நகர்ந்துதான் உச்சியைக் கடக்கிறது. அதனால் கத்திரி வெயிலில் தெற்கு ஜன்னலைச் சன்ஷேட் ஒன்றே காப்பாற்றிவிடும். மேற்கு ஜன்னலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாலை வெயில் சாய்வாக, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து நேரே கட்டிலில் வந்து விழும். வெளியே தட்டி கட்ட வழியில்லாத மேற்கு ஜன்னலுக்கு உள்ளேயாவது நல்ல ப்ளைண்ட் போடத்தான் வேண்டும். அங்கே செலவழிக்கும் பணம் வீணில்லை.

அடுத்தது தூக்கம். ஓஎம்ஆர் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் படுக்கிறவர்களுக்கு இருட்டு ஒரு மருந்து. பிளாக்அவுட் துணி ஒளியை முழுக்கத் தடுக்கும், உண்மைதான். ஆனால் ப்ளைண்டை ஜன்னல் குழிக்குள்ளே பொருத்தினால், இரு பக்கமும் பிராக்கெட்டுக்கும் கிளட்சுக்கும் இடம் விடவேண்டியிருப்பதால் துணி ஜன்னலைவிடக் கொஞ்சம் அகலம் குறைந்துதான் வரும். அந்த இடுக்கு வழியே இரண்டு வெளிச்சக் கோடுகள் முகத்தில் விழும். பிளாக்அவுட்டுக்குக் காசு கொடுத்தும் கண்ணில் வெளிச்சம். அதைச் சுவரின் மேல், ஜன்னலைவிட இரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் அகலமாகப் பொருத்தச் சொல்லுங்கள். சதுரஅடி கூடும், செலவு சிறிது ஏறும், ஆனால் வாங்கிய காரியம் நடக்கும். நம் ஊர்ப் பூச்சுவேலையில் ஜன்னல் குழி மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவாக இருப்பதும் சகஜம். உள்ளே பொருத்துவதானால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறியதை எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் டேப் வைத்துவிட்டுக் கிளம்புகிறவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

ஜீப்ரா ப்ளைண்டைப் பற்றி ஒரு வார்த்தை. வரிவரியாக ஒளி மாறுவது ஹாலுக்கு லட்சணம். படுக்கையறைக்கு லாயக்கில்லை, வரிகளுக்கு இடையே கசிந்துகொண்டே இருக்கும். சன்ஸ்க்ரீன் வகை வேறு ரகம். பகலில் உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து உள்ளே தெரியாது. இரவில் விளக்குப் போட்டால் நிலைமை தலைகீழ். எதிர்வீடு பத்தடியில் இருக்கும் தெருக்களில் இதை மட்டும் நம்ப முடியாது.

காற்றை மறக்கக் கூடாது. பெரும்பாலான கோடை நாட்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று நகருக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் ரோலரை முழுக்க இறக்கினால் காற்று நின்றுவிடும். பாதி இறக்கினால் அடிப்பட்டை கிரில்லில் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து வாழ்கிற வீட்டுக்குச் சாதாரணப் பருத்தித் திரையே மேல். அழுக்கானால் துவைத்துப் போடலாம். ரெடிமேடாக 5 அடி, 7 அடி உயரங்களில் கிடைக்கிறது. வாடகை வீட்டுக்காரர் வேறு வீடு போனாலும் எடுத்துச் சென்று மாட்டிக்கொள்ளலாம். ப்ளைண்டை அடுத்த வீட்டு ஜன்னலுக்கு வெட்டிச் சிறிதாக்கலாமே தவிரப் பெரிதாக்க முடியாது. வாடகை வீட்டில் அளவெடுத்துச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடலோரம் இருப்பவர்கள் உலோகச் சங்கிலியைத் தவிர்ப்பது நல்லது. உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியிலும் கறை ஏறும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது கயிறு. அமெரிக்காவில் ஜன்னல் ப்ளைண்ட் கயிறு கழுத்தில் சுற்றி ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது சிறு குழந்தைகள் இறப்பதாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. ரெடிமேட் ப்ளைண்டுகளில் தொங்கும் கயிறு கூடாது என்று 2018-லேயே அங்கு தர விதி வந்தது. 2024 ஜூனில் அளவெடுத்துச் செய்பவற்றுக்கும் விதி இறுகியது. இங்கே கடைக்காரர் தானாகச் சொல்வது அபூர்வம். சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப்பை வாங்கி, பொருத்துகிற அன்றே அடிக்கச் சொல்லுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் அந்த ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

பொருத்தி முடித்ததும் உடனே பணத்தை நீட்ட வேண்டாம். பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். துணி நேராக வெட்டப்படவில்லை என்றால் சுருளும்போது ஒரு பக்கமாக நகர்ந்து பிராக்கெட்டில் உரசும். ஆறு மாதத்தில் அந்த விளிம்பு நூல் நூலாகப் பிரியும். அப்போதே காட்டினால் கழற்றி மறுபடி ஒட்டித் தருவார்கள். கிளட்சும் சங்கிலியும் தனியாக உதிரியாகக் கிடைக்குமா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பத்து ரூபாய் கூடுதலானாலும் கூப்பிட்டால் வருகிற உள்ளூர்க் கடை, ஆன்லைனில் வந்திறங்கும் பெட்டியைவிட மேல்.

சொந்த வீட்டில் மேற்கு பார்த்த படுக்கையறை ஜன்னல், பகலில் தூங்குகிறவரின் ஜன்னல், ரெடிமேட் திரைக்குள் அடங்காத அகலமான கண்ணாடிக் கதவு. இந்த மூன்றுக்கும் அளவெடுத்துச் செய்யுங்கள், நல்ல துணியாகவே போடுங்கள். மற்ற ஜன்னல்களுக்குத் துணித்திரை போதும். மிச்சப்படும் பணத்தில் பால்கனிக்கு ஒரு தட்டி வாங்கிக் கட்டுங்கள்.