படகு யந்திரமும் பெட்ரோலும்

2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டது. கரையோரத்து ஊர்களில் வீதிகளிலே படகு ஓடிற்று. ஏரிக்கு அண்டையிலுள்ள பூந்தமல்லி ஜனங்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிவாசிகளுக்கோ 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் அந்நினைவைப் புதுப்பித்துச் சென்றது. இத்தகைய ஆபத்தில் இவ்விடங்களுக்கு வரவேண்டியவை தீயணைப்புப் படையின் ரப்பர் படகுகளும், அரக்கோணத்திலுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் படகுகளுமாம். அவற்றின் பின்புறத்தில் மாட்டும் பெட்ரோல் யந்திரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நமது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் திட்டம் 2025-ல் நிறைவேறியது. கரும்பிலும் தானியத்திலும் வடிக்கும் இந்தச் சாராயம் அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணத்தை மிச்சப்படுத்துகிறது; அதில் நமக்கு ஆட்சேபமில்லை. தினமும் ஓடும் வண்டியில் போட்ட பெட்ரோல் சில நாளில் தீர்ந்துவிடும். மீட்புப் படகோ தை மாதம் கொட்டகைக்குள் போனால் பெரும்பாலும் ஐப்பசியில்தான் வெளியே வருகிறது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. காற்றுத் துவாரம் திறந்து கிடக்கும் டாங்கியில் ஈரமும் மழைநீரும் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் நீரும் கூடிப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். யந்திரம் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே! பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் இரட்டை வீச்சு யந்திரமானால் தீங்கு இன்னும் பெரிது. எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, கீழேயுள்ள கலவையில் யந்திரம் ஓடினாலும் மசகின்றிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய பெட்ரோலின் பிசின் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைப்பதும், பழைய ரப்பர் குழாய்கள் இளகுவதும், அலுமினியம் அரிக்கப்படுவதும் வேறு.

படகு யந்திரம் செய்யும் பெரிய கம்பெனிகள் பலவும் 10 பங்குக்கு மேல் எத்தனால் கூடாதென்றே எழுதுகின்றன. அமெரிக்காவில் 15 பங்கு கலந்ததையே படகில் ஊற்றச் சட்டம் இடந்தரவில்லை.

சர்க்கார் செய்யவேண்டியது பெரிய காரியமன்று. எண்ணெய்க் கம்பெனிகளுள் பெரியவை சர்க்காருடையவை. மீட்புப் படகுகளுக்கு மட்டும் எத்தனால் கலவாத பெட்ரோலைத் தனியே கொடுக்கும்படி அவற்றுக்கு உத்தரவிடலாம். தேவைப்படும் அளவு சொற்பமே. அதுவரை நிலைய உத்தியோகஸ்தர்கள் மழைக்காலம் முடிந்ததும் டாங்கியைக் காலிசெய்து, கார்புரேட்டர் வற்றும்வரை யந்திரத்தை ஓட்டி நிறுத்தட்டும். நீர் பிரிக்கும் வடிகட்டியைப் பொருத்திக்கொள்ளட்டும். புரட்டாசி கழியுமுன் புதுப் பெட்ரோல் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஒவ்வொரு யந்திரத்தையும் கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும்.