சிறுவர் கைத்தையல்

சிறுவர் கைத்தையல் என்பது ஏறத்தாழ மூன்று முதல் பத்து அகவை வரையிலான குழந்தைகளுக்கு ஊசி, நூல், துணி ஆகியவற்றைக் கையாளவும், துண்டுத் துணிகளை இணைத்து விரிப்பு, போர்வை முதலியவற்றைத் தைக்கவும் வீட்டிலேயே படிப்படியாகப் பழக்குவதாகும். விரல்களின் நுண்ணியக்கம், கண்ணும் கையும் இணைந்து செயற்படுதல், பொறுமை, அளவிடும் திறன் ஆகியவை இதனால் வளர்கின்றன. கிழிந்த துணியை எறியாமல் தைத்துப் பயன்படுத்தும் பழக்கமும் ஏற்படுகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சூழலை, குறிப்பாகத் திருவண்ணாமலையை, முன்வைத்து இதனை விளக்குகிறது.

பெயரும் பொருளும்

தமிழில் தையல் என்னும் சொல் தைக்கும் செயலையும், அழகையும், பெண்ணையும் குறிக்கும். துன்னம் என்பது தையலைக் குறிக்கும் பழஞ்சொல். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களுள் துன்னகாரர் எனத் தையற்காரரைக் குறிப்பிடுகிறது. துணிக்கடைத் தெருக்களில் தையற்கடை நடத்துவோரில் ஆண்கள் பலர் உள்ளனர். எனினும் பள்ளியிலும் வீட்டிலும் தையல் நெடுங்காலம் பெண்பிள்ளைகளுக்கு உரியதாகவே கருதப்பட்டு வந்தது. இதனால் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாமல் ஆண்பிள்ளைகள் வளர்வது இயல்பாயிற்று. குழந்தைப் பருவத்தில் விரல்கள் பெறும் பயிற்சிக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை.

வரலாறு

தமிழர் வாழும் பகுதிகளில் தையல் பள்ளிப் பாடமானதில் கிறித்தவ மறைப்பணியாளர்களின் பள்ளிகளுக்குப் பெரும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் 1824-இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பள்ளியில் படிப்புடன் தையலும் கற்பிக்கப்பட்டது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தம் பள்ளி மாணவியருக்குப் பின்னல் வேலையைக் கற்பித்தார். அது பின்னர் அப்பகுதிப் பெண்களின் வாழ்வாதாரத் தொழிலாக வளர்ந்தது.

சிறு குழந்தைகளுக்கெனத் தையலைக் கல்விமுறையின் பகுதியாக்கியவர்களுள் செருமானியக் கல்வியாளர் பிரீட்ரிக் புரோபெல் குறிப்பிடத்தக்கவர். 1840-இல் கிண்டர்கார்டன் எனத் தாம் பெயரிட்ட பள்ளிமுறையில், அட்டையில் துளையிட்டு அத்துளைகளின் வழியே நூல் கோக்கும் பயிற்சியை அவர் சேர்த்தார். 1939-இல் சென்னைக்கு வந்த மரியா மாண்டிசோரி பொத்தான் மாட்டுதல், கயிறு கட்டுதல் போன்ற அன்றாட வேலைகளையே பயிற்சிக் கருவிகளாக அமைத்திருந்தார். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், நூல் நூற்றல் போன்ற கைத்தொழிலைப் பாடங்களின் மையமாகக் கொண்டது.

தமிழ்நாட்டில் 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுடன் தையலும் அவர்கள் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்றாக இருந்தது. இந்நியமனம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. அதற்கு முந்தைய அகவையில் ஊசியைப் பழக்கும் இடம் பெரும்பாலும் வீடாகவே உள்ளது.

திருவண்ணாமலைச் சூழல்

கோயில் நகரமான திருவண்ணாமலையில் தைத்தல், கோத்தல் ஆகியவற்றைக் குழந்தைகள் அன்றாடம் காண இயலும். அருணாசலேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பூக்கட்டுவோரைக் காணலாம். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் ஐந்து தேர்கள் மாட வீதிகளில் வலம் வருகின்றன. அவற்றுள் அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் வடம் பிடித்து இழுப்பது வழக்கம். தேர்களை அணிசெய்யும் தேர்ச்சீலைகளும், உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளும் வண்ணத் துணிகளை வெட்டி வேறொரு துணியின்மீது வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி வேலையால் ஆனவை. துண்டுத் துணிகளால் போர்வை தைக்கும் கலைக்கு இது நெருங்கிய உறவுடையது.

இந்நகரை அடுத்து 2009-இல் தொடங்கப்பட்ட மருதம் பண்ணைப் பள்ளியில் கைவினைகள் கல்வியின் பகுதியாக உள்ளன.

படிநிலைகள்

குழந்தையின் அகவையைவிட அதன் கைப்பழக்கமே அடுத்த படியை முடிவுசெய்ய வேண்டும். கீழே தரப்படும் அகவைகள் தோராயமானவை.

1. கோத்தல் (3–4 அகவை): பெரிய துளையுள்ள மணிகளைக் கயிற்றில் கோத்தல். ஊசியின்றிச் செய்யும் இப்பயிற்சியில் ஒரு கை பிடிக்க, மறு கை நுழைக்கக் கற்கிறது.

2. துளை அட்டை (4–5 அகவை): தடித்த அட்டையில் விரற்கடை இடைவெளியில் துளையிட்டு, காலணிக் கயிற்றை மேலும் கீழுமாக நுழைத்தல். ஆல், மந்தாரை இலைகளை ஈர்க்கால் இணைக்கும் தையல் இலையையும் பெரியவர் துணையுடன் செய்து பார்க்கலாம்.

3. சணல் துணி (5–6 அகவை): முனை மழுங்கிய பெரிய ஊசியும் தடித்த நூலும் கொண்டு இழை இடைவெளி அகன்ற சணல் துணியில் தைத்தல். துணியை வளையச் சட்டத்தில் இறுக்கிக் கொடுத்தால் சுருங்காது. கடையில் வாங்கிய பூக்களை ஊசியால் கோத்து மாலையாக்கவும் இப்பருவத்தில் பழக்கலாம்.

4. பருத்தித் துணி (6–8 அகவை): கூர் ஊசியால் ஓட்டுத் தையல், பின் தையல், பொத்தான் தைத்தல் ஆகியவை. பழைய வேட்டி, கைத்தறித் துண்டு ஆகியவை ஏற்றவை. பட்டுத் துணி வழுக்குவதாலும் ஓரம் பிரிவதாலும் தொடக்கத்திற்கு உகந்ததன்று.

தொடக்கத்தில் குழந்தைகள் பெரும்பாலும் செய்யும் பிழை, ஊசியைத் துணியின் ஊடே திருப்பாமல் ஓரத்தைச் சுற்றிக் கொண்டுவருவதாகும். ‘மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே’ என ஒவ்வொரு குத்துக்கும் சொல்லிப் பழக்கினால் இது குறையும். நூலின் நீளம் குழந்தையின் தோளிலிருந்து விரல்நுனி வரையிலான அளவை மிஞ்சக்கூடாது; மிஞ்சினால் சிக்கு விழும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு, வலக்கைப் பழக்கமுள்ளவர் எதிரே அமர்ந்து கற்பித்தால் கண்ணாடியில் காண்பதுபோல் அசைவுகள் பொருந்தும்.

மெத்தைத் தையல்

மேல்துணி, நடுவில் ஒரு நிரப்பி, அடித்துணி என மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைப்பது மெத்தைத் தையல் எனலாம். இத்தையல் அடுக்குகளை இணைப்பதோடு நிரப்பி ஓரிடத்தில் திரளாமலும் தடுக்கிறது. வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுசினி, கருநாடகத்தில் சித்தி மக்கள் தைக்கும் கவந்தி ஆகியவை பழந்துணிகளைக் கொண்டு தைக்கப்படும் இந்திய விரிப்பு வகைகளாகும். தமிழக வீடுகளிலும் பழைய பருத்திச் சேலைகளை மடித்துக் குழந்தைக்கு விரிப்பாகத் தைப்பதுண்டு.

எட்டு அகவைக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒன்பது சதுர விரிப்பு நல்ல தொடக்கமாகும். 10 செ.மீ. பக்கமுள்ள ஒன்பது சதுரங்கள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு ஓரத்திலும் 1 செ.மீ. விட்டு, மும்மூன்றாக இணைத்து மூன்று வரிசைகளாக்கி, பின் வரிசைகள் இணைக்கப்படுகின்றன. கிடைக்கும் துணியின் பக்கம் 30 செ.மீ. இல்லாமல் 26 செ.மீ. ஆகிறது. இரண்டு இணைப்புகள் ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. குறைவதே இதன் காரணம். அடித்துணியுடன் சேர்த்து ஓரம் தைத்து முடித்தபின் 24 செ.மீ. எஞ்சும். பின்னம், பரப்பளவு ஆகியவற்றைக் குழந்தை இவ்வாறு கையால் உணர்கிறது. நிரப்பியாக இலவம் பஞ்சைவிடப் பழைய துவாலை ஏற்றது. அது திரளாது, தைக்கவும் எளிது.

பாதுகாப்பு

ஊசிகளைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணிப் பார்ப்பது இன்றியமையாதது. பயன்படுத்தாத ஊசி துணித் திண்டில் குத்தப்பட்டிருக்க வேண்டும். கீழே விழுந்த ஊசியைக் காந்தத்தால் தேடலாம். ஊசியை வாயில் கவ்வும் பெரியவர்களின் பழக்கத்தைக் குழந்தைகள் பின்பற்றக்கூடுமாதலால் அதனைத் தவிர்த்தல் நன்று. மூன்று அகவைக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் பொத்தான், மணி ஆகியவை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கத்திரிக்கோல் முனை மழுங்கியதாக இருத்தல் வேண்டும்.

வேலையும் விளையாட்டும்

சிறுவர் கைத்தையல் உழைப்பு அன்று. ஐந்து அகவைக் குழந்தையின் கவனம் பத்து முதல் பதினைந்து நிமிடங்களில் தளரக்கூடும். அப்போது நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வதே முறை. கோணலாக அமைந்த தையலைப் பெரியவர் பிரித்துத் தாமே சீராக்கினால், செய்தது தன்னுடையது என்னும் உணர்வைக் குழந்தை இழக்கிறது. தையல் உறுதியாக இருந்தால் கோணலை அப்படியே விடலாம். முதலில் தைத்த பை அல்லது விரிப்பு வீட்டில் உண்மையாகவே பயன்படும்போது அடுத்ததைத் தைக்கும் ஆர்வம் பிறக்கிறது.