சுழியும் வெற்றிடமும்

கொல்கத்தாவின் அலிப்பூர் வானிலை நிலையத்தில் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை அளக்கப்படுகிறது. மழை பெய்யாத நாளுக்குரிய அளவு சுழி. அளக்கவே இயலாத நாளுக்கு எந்த எண்ணும் இல்லை, அவ்விடம் வெற்றிடம். சுழி ‘மழை இல்லை’ என்கிறது. வெற்றிடமோ ‘தெரியவில்லை’ என்கிறது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்கவில்லை. அதனால் அவை பாடப்படவே இல்லை என்று எவரும் கூறுவதில்லை அல்லவா?

கணினித் தரவுத்தளத்தில் இவ்வெற்றிடத்திற்கு ‘நல்’ என்று பெயர். (ஒலி ஒத்திருப்பினும் ‘நல்ல’ என்னும் தமிழ்ச்சொல்லுடன் இதற்கு உறவில்லை.) ஐந்து நாள் மழையளவு 40, 20, 0, நல், 60 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். சராசரி கேட்டால், எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி நல்லை விலக்கி, 120ஐ நான்கால் வகுத்து 30 என்று விடை தரும். நல்லுக்குப் பதிலாகச் சுழியை இட்டிருந்தால் விடை 24 ஆகும். ஒரே ஒரு கட்டம், ஆறு மில்லிமீட்டர் வேறுபாடு!

வினவும் முறையிலும் கவனம் வேண்டும். ‘மழை = நல்’ என வினவினால் ஒரு நாளும் கிடைக்காது. தெரியாத ஒன்று மற்றொன்றுக்குச் சமமா என்றால், விடையும் ‘தெரியாது’ என்பதே. உண்மை, பொய் என்பவற்றோடு எஸ்.கியூ.எல். ஏற்கும் மூன்றாம் நிலை அது. எனவே ‘இஸ் நல்’ என்றே வினவுதல் வேண்டும். இன்னொரு கண்ணியும் உண்டு. ‘மழையளவு சுழி அல்லாத நாள்கள்’ என வினவினாலும் வெற்றிட நாள் பட்டியலில் வராது, எச்சரிக்கையுமின்றி மறைந்துபோகும்.

மறைவது எந்த நாள் என்பதே இங்குப் பெரிய கவலை. கடும்புயலில் மழைமானி சாயலாம். வெள்ளத்தால் அளப்பவர் வர இயலாது போகலாம். மிகுதியாகப் பெய்த நாளே வெற்றிடமாக நிற்கக்கூடும். 1864ஆம் ஆண்டின் பெரும்புயல் கொல்கத்தாவைச் சிதைத்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை அந்நகரையே தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. அத்தகைய நாளின் வெற்றிடத்தைச் சுழியாக்கினால், வெள்ள நாள் வறண்ட நாளாகிவிடும்.

‘கோயலெஸ்’ என்னும் கட்டளை நல்லுக்குப் பதிலாக நாம் கொடுக்கும் மதிப்பை இட்டுக்காட்டும். அருகிலுள்ள டம்டம் நிலையத்தின் அளவையும் அவ்வாறு கொடுக்கலாம். ஆனால் கோடையில் வீசும் கால்பைசாகிப் புயல் டம்டத்தை நனைத்து அலிப்பூரை விட்டுவிடுவதுண்டு. ஆகவே அத்தகைய மதிப்பைத் தனி நெடுவரிசையில் ‘மதிப்பீடு’ என்று குறித்து வைப்பர். மூலக் கட்டம் வெற்றிடமாகவே இருக்கும்.