கட்டளையா? சுட்டலா?

"ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும்" என்பது நம் பழமொழி. கணிப்பொறியின் முன் அமர்வோர்க்கும் இது பொருந்தும் என்பதை நான் பட்டுணர்ந்தேன்.

கணிப்பொறியை இயக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, கட்டளையைத் தட்டச்சிட்டு ஏவுவது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இதற்குச் சான்று. மற்றொன்று, திரையிலுள்ள படங்களைச் சுட்டுவது. 1968-இல் டக்ளஸ் எங்கல்பர்ட் அவையோர்முன் இயக்கிக் காட்டிய சுட்டெலி, 1973-இல் ஜெராக்ஸின் ஆல்ட்டோ, 1984-இல் மெக்கின்டாஷ் என இவ்வழி வளர்ந்தது.

எது எளிது? படத்தைக் கண்டால் செய்யவேண்டியது விளங்கும்; கட்டளையோ நினைவிலிருந்து வரவேண்டும். கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்வதற்கும், வெற்றுத்தாளில் விடை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடே இது.

சென்ற ஆண்டு, நண்பனின் ஆய்வுக் கோப்புகளிடையே 'லாக்' என்று முடிபவற்றை மட்டும் நீக்க முனைந்தேன். 'ஆர்எம்' என்று தட்டி, உடுக்குறி இட்டு, அதையடுத்து '.லாக்' என்று தட்டினேன். இடையில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது! தனித்து நிற்கும் உடுக்குறிக்கு 'எல்லாம்' என்று பொருள். எல்லாம் அழிந்தன. கணிப்பொறி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மீட்டெடுக்கக் குப்பைத்தொட்டியும் இல்லை. நண்பனின் மூன்று மாத உழைப்பு நொடியில் போயிற்று.

அப்படியாயின் கட்டளையைக் கைவிடலாமா? இழந்ததை ஈடுசெய்ய, கைப்பட எழுதிய நானூறு படிவங்களை மீண்டும் படமெடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் முறையான பெயரிட வேண்டும். சுட்டெலியால் கால்மணி நேரத்தில் இருபதுதான் முடிந்தன. பிறகு ஒரே வரிக் கட்டளை எழுதினேன். நானூறும் சில நொடிகளில் பெயர் மாறின. அவ்வரியைக் குறித்து வைத்திருக்கிறேன்; அடுத்த ஆண்டு மாணவருக்கும் அது உதவும். சுட்டிய சுட்டல்களை அவ்வாறு எழுதித் தர இயலுமா? அன்றியும், ஒரு கட்டளையின் விடையை மற்றொன்றுக்கு உள்ளீடாக்கும் 'குழாய்' முறை 1973-இலேயே யூனிக்ஸில் அமைந்தது. சிறு கருவிகளைக் கோத்துப் பெரும்பணி முடிக்கலாம்.

ஆகவே, எப்போதோ செய்யும் பணிக்குச் சுட்டல் நன்று. திரும்பத் திரும்பச் செய்யும் பணிக்குக் கட்டளை நன்று. ஆனால் அழிக்குமுன், 'எல்எஸ்' கட்டளையால் எவை அழியும் என்று பட்டியலிட்டுப் பாருங்கள். 'ஆர்எம்' உடன் 'ஐ' என்னும் விருப்பக்குறியைச் சேர்த்தால், ஒவ்வொன்றையும் கேட்டே நீக்கும்.

நண்பன் என்னை மன்னித்துவிட்டான். ஆயினும், இன்று தன் கோப்புகளுக்கு இரண்டு படிகள் வைத்திருக்கிறான். அவற்றுள் ஒன்று எங்கே என்று என்னிடம் சொல்வதில்லை!