மின்வண்டிக் காலம் – 17: சூடு எந்தப் பக்கம்?

கேபிளின் தடிமன் சென்ற வாரத்தோடு முடிந்த பேச்சு. 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் காரின் வாய்க்குள் இருக்கும் பின்களைப் பார்ப்பதாகத் திட்டம். அதற்கு முன் சுவரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

2013 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், இர்வைன் நகரத்து வீடொன்றின் கார் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே டெஸ்லா மாடல் எஸ் சார்ஜில் நின்றிருந்தது. சுவர் சாக்கெட்டிலோ அதில் செருகியிருந்த சார்ஜிங் கருவியிலோ மின்தடை கூடிப்போன ஓர் இணைப்புதான் பெரும்பாலும் காரணம் என்றது தீயணைப்புத் துறை. தங்கள் கருவியில் குறையில்லை, சுவர்ப்பக்க வயரிங்தான் காரணம் என்றது நிறுவனம். கரியான பிறகு இதைப் பிரித்துச் சொல்வது பெரும்பாடு. வெறும் சூடாக இருக்கும்போதே பார்த்தால் அரை மணி நேர வேலை.

எம்.சி.பி. இருக்கும்போது எப்படிச் சூடாகும் என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுகிறது. எம்.சி.பி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத்தான் கவனிக்கும். லூஸ் கனெக்‌ஷனில் மின்னோட்டம் கூடுவதே இல்லை. 15 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் அதே 15 ஆம்பியர்தான் போகிறது. போகும் வாசல்தான் குறுகிவிட்டது. அயர்ன் பாக்ஸ் அவ்வப்போது தானாக அணைந்து மூச்சு விடும். வண்டியோ ஆறேழு மணி நேரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பத்து ஆண்டுகளாக ஒழுங்காக இருந்த பவர் பிளக், மின்வண்டி வந்த இரண்டாம் மாதம் பழுப்பேறுவது இதனால்தான்.

கணக்கு இங்கிலாந்தின் சால்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் போட்டுக் கொடுத்தது. மதுபான ஆலைக்காரரின் மகன். கம்பிச் சுருளைத் தண்ணீரில் வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து அவர் எழுதிய கட்டுரை 1841இல் வெளிவந்தபோது வயது 22. மின்னோட்டத்தை அதாலேயே பெருக்கி, மின்தடையாலும் பெருக்கினால் வெப்பம். பிளக்கும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை ஏறிவிட்டது என்று வையுங்கள். 15 ஆம்பியரில் 22.5 வாட். ரேடியோ ரிப்பேர் கடையின் சால்டரிங் அயர்ன் 25 வாட்! அதை சாக்கெட்டுக்குள் சொருகி இரவு முழுக்க விட்டது போல. 32 ஆம்பியர் என்றால் 102 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு.

அந்த 0.1 ஓம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் ராக்னர் ஹோல்ம் வருகிறார். சுவீடன்காரர், பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் இருந்துகொண்டு, இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்வது என்றால் என்ன என்று ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். 1941இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூல்தான் இத்துறைக்கு அடிப்படை. பின்னாளில் அதைத் திருத்தி எழுதியபோது மனைவி எல்ஸே துணை நின்றார். மின்தொடுப்புகளுக்கென்றே நடக்கும் மாநாடு ஒன்று இன்றும் ஹோல்ம் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவர் காட்டியது இது. பளபளவென்று வழவழப்பாகத் தெரியும் பின் உண்மையில் மேடும் பள்ளமும்தான். இரண்டு உப்புத்தாள்களை முகத்தோடு முகம் வைத்தது போல, முகடும் முகடும் முட்டும் சில புள்ளிகளில் மட்டுமே தொடுகை. பார்வைக்குத் தெரியும் பரப்பில் அது மிகச் சிறு பங்கு. மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகளுக்குள் நெருக்கியடித்துப் போக வேண்டும், கோயில் கூட்டம் திட்டிவாசலில் நுழைவது போல.

அதைவிட வியப்பான செய்தி: பின்னை அகலமாக்கினால் மட்டும் தொடும் இடம் பெருகிவிடாது. அழுத்தினால்தான் முகடுகள் நசுங்கி, புள்ளிகள் விரியும். ஆக, சாக்கெட்டின் உயிர் உள்ளே பின்னைக் கவ்விப் பிடிக்கும் சின்னத் தகட்டு ஸ்பிரிங்கில் இருக்கிறது. சூடு ஏறினால் அந்த ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தடை கூடும், இன்னும் சூடு. மேற்பரப்பும் தன் பங்குக்குக் கெடுக்கும். வெள்ளிக் கொலுசு கறுக்கிறதே, அதே கந்தகக் கறுப்பு வெள்ளி முலாம் பூசிய பின்களிலும் படியும்.

இனி சுவருக்குப் போகலாம். வண்டியை ஒரு மணி நேரம் சார்ஜில் விட்டு, சார்ஜிங்கை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, பிறகே பிளக்கை உருவ வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ஸ்பிரிங் போய்விட்டது என்று பொருள். அடுத்து கேபிளைத் தடவிப் பார்க்க வேண்டும். நீளம் முழுக்க ஒரே வெதுவெதுப்பு என்றால் கம்பி மெல்லியது. நுனியில் மட்டும் சூடு என்றால் இணைப்பு.

அடுத்தது இந்தத் தொடரிலேயே மிக எளிய சோதனை. ஃபேஸ் பின்னிலும் நியூட்ரல் பின்னிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். எனவே இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால், கோளாறு அந்தப் பின் வழியில்தான்: கவ்வும் தகடு, பிளக்குக்குள் இருக்கும் ஸ்க்ரூ, சாக்கெட்டின் பின்புறத்து ஸ்க்ரூ, இந்த மூன்றில் ஒன்று. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்தே காட்டும். பிளக்கின் கறுப்பு உடலில் பிடித்தால் நம்பலாம். மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தேடுவதும் வீண், அதன் ஒயர்களுக்கே 0.1 ஓம் வந்துவிடும். சாக்கெட்டைக் கழற்றும் வேலை மெயினை அணைத்த எலெக்ட்ரீஷியனுடையது. மாற்றும்போது பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்ற வேண்டும். கரிந்த பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால் புதியதும் சில வாரங்களில் பழுப்பாகும்.

இர்வைன் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2014 ஜனவரியில் டெஸ்லா 29,222 வண்டிகளுக்கு அழைப்பு விடுத்தது. பிளக் முனையில் வெப்ப ஃபியூஸ் வைத்த புது அடாப்டர் ஒருபுறம். வரும் மின்சாரத்தில் எதிர்பாராத ஏற்ற இறக்கம் தெரிந்தால் மின்னோட்டத்தை 25 சதவீதம் குறைக்கும் மென்பொருள் மறுபுறம். காலே காலைக் குறைத்து என்ன பயன் என்று தோன்றும். ஜூலின் கணக்கில் போட்டால், 0.75ஐ 0.75ஆல் பெருக்கினால் 0.56. இணைப்பில் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது! எலெக்ட்ரீஷியன் வரும்வரை வண்டியின் திரையில் 32ஐ 16 ஆக்கி வைத்தால், வெப்பம் கால்பங்குதான்.

காரின் வாய்க்குள் இருக்கும் பின்கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது அந்தப் பின்களின் அருகிலேயே உட்கார்ந்து காய்ச்சல் பார்க்கும் சென்சாரும், கேபிளுக்குள்ளேயே ஓடும் குளிர்விப்புத் திரவமும் அதில் வரும்.