வயிறு நிறைந்தால் போதுமா?

மூன்று வேளையும் வயிறார உண்டும் உடல் சோர்வது ஏன் என்று சுந்தரபாண்டியத்து நெசவாள அன்பர்கள் வினவுவதுண்டு. உணவு இயலில் வழங்கும் சில சொற்களின் பொருளை அறிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

கலோரி: உணவு தரும் ஆற்றலை அளக்கும் அலகு. நூலின் நயத்திற்கு நம்பர் எப்படியோ, உணவின் ஆற்றலுக்குக் கலோரி அப்படி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி வீதம் தரும். கொழுப்பு 9 கலோரி தரும். சோற்றில் பெரும்பகுதி மாவுச்சத்தே. அது உழைப்பிற்கு எரிபொருளாகும். ஆனால் தேய்ந்த உடலைப் புதுப்பிக்க அது மட்டும் போதாது.

புரதம்: தசையை வளர்ப்பதும் தேய்மானத்தை ஈடு செய்வதும் இதுவே. எடையில் கிலோவிற்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது 2020-இல் நம் நாட்டு அறிஞர் வகுத்த அளவு. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம் தேவை. அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள 'லைசின்' என்னும் கூறு பருப்பில் மிகுதி. பாவும் ஊடையும் சேர்ந்தே துணியாவது போல, சோறும் பருப்பும் சேர்ந்தே நல்ல புரதமாகும்.

உயிர்ச்சத்து: வைட்டமின் எனப்படுவது. சிறிதளவே வேண்டுவது, எனினும் இன்றியமையாதது. 'பெரிபெரி' நோயை ஆராய 1918-இல் குன்னூரில் மக்காரிசன் என்பார் தொடங்கிய சிறு நிலையமே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. தவிட்டுடன் 'பி' உயிர்ச்சத்தும் நீங்கிவிடுவதே அந்நோய்க்குக் காரணம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது. ஆதலின் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேலானது. பலமுறை களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அந்நலன் வீணாகும்.

தாதுப்பொருள்: சுண்ணாம்புச்சத்து எலும்பிற்கும், இரும்புச்சத்து இரத்தத்திற்கும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அரிசியிலோ மிகக் குறைவு. இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தசோகை வரும். தார் சுற்றும் பெண்களின் களைப்பையும் மூச்சிரைப்பையும் வேலையின் அலுப்பென்று தள்ளிவிடலாகாது. கர்ப்பிணிகளுக்கு இந்நோய் உயிருக்கே தீங்காகலாம். அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துக் கொள்வது நன்று. கீரையுடன் எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவுடன் தேநீர் அருந்தினால் அது குறையும்.

சரிவிகித உணவு: மேற்கூறிய யாவும் தக்க அளவில் அமைந்த உணவு. இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கூட்டுறவு நியாயவிலைக் கடையில் அரிசியோடு பருப்பையும் வாங்குக. வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுக. விவசாய அன்பர்கள் வரப்பிலே தட்டைப்பயறும் கிணற்றடியிலே முருங்கையும் வளர்க்கலாம். வீட்டில் கிடைப்பதை ஆண்கள் உண்டபின் எஞ்சியது பெண்களுக்கு என்னாது, யாவர்க்கும் தேவையறிந்து பங்கிடுவதே கூட்டுறவு. அது அடுப்படியிலேயே தொடங்கட்டும்.