நாணயமும் ஒரு மூன்றிலக்க எண்ணும்

'நாணயம்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்குத் தவறாமையும் நாணயம். ஊரில் ஒருவரை 'நாணயஸ்தர்' என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் அவருக்கு வேறு சான்று தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. இன்றோ அந்தச் சான்றை 300க்கும் 900க்கும் இடைப்பட்ட ஓர் எண் வழங்குகிறது. மக்கள் வழக்கில் அதன் பெயர் 'சிபில் ஸ்கோர்'. அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, இறங்கினால் நமக்கென்ன என்பதைக் கணித மாணவி என்ற முறையிலும், அந்த எண்ணால் 2025இல் பல இரவுகள் உறக்கம் இழந்த வீட்டைச் சேர்ந்தவள் என்ற முறையிலும் இங்கு எழுத விழைகிறேன்.

என் அண்ணன் ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் படியைத் தாங்குவது அவர் தோள். தங்கைக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்ததும் கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனோம். அப்பாவுக்கு நிலையான வருமானம் இல்லை. ஆகவே அண்ணனையும் கடனில் சேர்த்தார்கள். அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டு, "இவருக்கு 648தானே இருக்கிறது?" என்றார். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "ஒரு தவணைகூட நான் பாக்கி வைக்கலையே, சார்!" என்றார். அவர் சொன்னது உண்மை. கணினி சொன்னதும் பொய்யன்று. இந்த முரண்பாட்டை அவிழ்க்கப் புகுந்தபோதுதான் எனக்கு இந்தக் கணக்கு புரியத் தொடங்கியது.

அமெரிக்காவில் 1956இல் பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித வல்லுநரும் சேர்ந்து, கடன் கேட்பவரை எண்ணால் எடைபோடும் தொழிலைத் தொடங்கினர். இந்தியாவில் சிபில் நிறுவனம் 2000இல் பதிவாயிற்று. 2005இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் இயங்குகின்றன. நான்கும் ஒருவருக்கே நான்கு வேறு எண்களைத் தரக்கூடும். சூத்திரம் வேறு வேறு என்பதால் அதில் வியப்பில்லை.

சூத்திரம் இரகசியம்தான். ஆயினும் அதன் தன்மை நாம் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவே. இன்னாரைப் போன்ற கடன் பதிவு உடையவர்களில் எத்தனை பேர் பின்னாளில் பணம் கட்டத் தவறினர் என்பதே கேள்வி. தவணை எந்த நாளில் வந்தது, கடன் அட்டையின் வரம்பில் எவ்வளவு தீர்ந்திருக்கிறது, கணக்கு எத்தனை ஆண்டு பழையது, அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டார் என்பனவே அதற்குத் தீனி. சம்பளம் அதில் இல்லை. சேமிப்புக் கணக்கில் உள்ள பணமும் இல்லை. சாதியும் இல்லை. இதை இந்த எண்ணின் பெருமையாகவே நான் கருதுகிறேன். பழைய நாளில் 'நாணயஸ்தர்' பட்டம் யார் வீட்டுத் திண்ணைவரை வந்தது என்பதும் நமக்குத் தெரியாததன்று.

ஆகவே ஐந்து பத்துப் புள்ளி கூடுவதும் குறைவதும் வெறும் அசைவு. அரும்பாடுபட்டுக் கடனை அடைத்தவருக்குக்கூட, பழைய கணக்கு ஒன்று முடிந்துவிட்டதால் சில புள்ளி இறங்குவது உண்டு. நம் எண்ணை நாமே பார்த்தால் அது குறையும் என்று நண்பர்கள் அஞ்சுகிறார்கள். அது வீண் பயம். கடன் கொடுப்பவர் பார்த்தால்தான் சிறிது குறையும். ஆனால் அண்ணனுக்கு இறங்கியது தொண்ணூறு புள்ளிக்கு மேல்.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை வாங்கி இரவில் வரிவரியாகப் படித்தோம். 2023இல் அண்ணன் பன்னிரண்டு தவணையில் ஒரு கைப்பேசி வாங்கியிருந்தார். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படும். சம்பளமோ 10ஆம் தேதிதான் வரும். 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலைக்கு 7ஆம் நாள், அதற்கு மேற்பட்டால் 10ஆம் நாள் என்று கெடு வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லோருக்கும் 7ஆம் நாள் என்கிறது. எந்தச் சட்டப்படி பார்த்தாலும் 5ஆம் தேதி தொழிலாளியின் கணக்கில் சம்பளம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை! அண்ணன் மாதந்தோறும் கூட்டாளியிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு, சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறார். அந்த நாணயத்தைக் குறிக்க அறிக்கையில் கட்டம் ஏதும் இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஆலையில் காண்ட்ராக்டர் மாறினார். ஒரு மாதச் சம்பளம் பிந்தியது, கைமாற்றும் கிடைக்கவில்லை. தவணை திரும்பியது. 34 நாள் கழித்து அண்ணன் அதைக் கட்டிவிட்டார். ஆனால் திரும்பியதற்கான கட்டணம் 500, அதன் மேல் 18 விழுக்காடு வரி, ஆக 590 ரூபாய் தனியே நின்றுவிட்டது. பன்னிரண்டு தவணையும் முடிந்தபின் அந்த 590 'முடியாத கடன்' ஆகி, 30 நாள், 61 நாள், 91 நாள் என்று மாதந்தோறும் ஏறிக்கொண்டே போயிற்று. கடனே முடிந்துவிட்டதென்று அண்ணன் நிம்மதியாக இருந்த மாதங்கள் அவை.

எங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சியானால், "காண்ட்ராக்ட் மாத்திட்டாங்களாமே தம்பி, அடுத்த மாசம் கொடு" என்றிருப்பார். எண்ணுக்குக் காரணம் தெரியாது; தேதிதான் தெரியும். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. அத்தகைய நாளில் தவணை தவறியவரையும், பணம் இருந்தும் கட்டாதவரையும் பிரித்துக் காட்ட இந்த ஏட்டில் இடம் இல்லை. அதனால்தான் இதைக் குணச் சான்றாக எடுத்துக்கொண்டு குன்றிப்போவது தவறு என்கிறேன்.

அப்படியானால் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா? நம் வகுப்பில் பாதிப் பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறோம். பாரத ஸ்டேட் வங்கிப் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் அவரது கடன் வரலாற்றைக் காட்டி ரத்து செய்யப்பட்டது. 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் சரியென்றது. கடன்களை அடைத்துவிட்டேன் என்ற அவரது வாதம் எடுபடவில்லை. மாணவரின் சிபில் எண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கலாகாது என்று 2023இல் கேரள உயர்நீதிமன்றம் கூறியதும் உண்டு. முதன்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6ஆம் நாள் நெறிமுறையில் சொல்லியிருக்கிறது. இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கிடையே கடன் நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. அபராதங்களோடு இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்ட தொகைக்கு, "ஆயிரம் கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்றார்கள். அண்ணன் சரியென்று சொல்லும் நேரத்தில் நான் தடுத்தேன். 'செட்டில்டு' என்று பதிவானால், முழுத் தொகையும் தரவில்லை என்பதே பொருள். அந்தத் தழும்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். முழுதும் கட்டினோம். 'குளோஸ்டு' என்று எழுதிய தடையில்லாச் சான்றை வாங்கி, அறிக்கை நிறுவனத்திடம் புகார் பதிந்தோம். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. இருபத்தாறாம் நாளே பதிவு திருத்தப்பட்டது. எண் 703 ஆயிற்று. அந்த 34 நாள் மட்டும் அழியாது, அது நடந்ததுதானே.

கடன் இரண்டு மாதம் தாமதமாகக் கிடைத்தது. முதல் தவணைக் கட்டணத்துக்கு நகைக் கடன்தான் உதவியது. அண்ணன் பின்னர் வாங்கிய வண்டிக் கடனுக்குத் தவணை நாளை 12ஆம் தேதி என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். தடையில்லாச் சான்று குடும்ப அட்டையோடு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் கம்மல் மட்டும் இன்னும் மீளவில்லை.